புது வண்டியில் மூன்றாவது முறையாக இன்ஜின் விளக்கு. சர்வீஸில் அழித்து அனுப்புகிறார்கள், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்

மஞ்சள்மண்டி (ஈரோடு):

வணக்கமுங்க. மூணு நாளா யோசிச்சுட்டு இங்க எழுதறேன். வண்டி தெரிஞ்சவங்க யாராச்சும் நிதானமா படிச்சு ஒரு வழி சொல்லுங்க.

ஆகஸ்ட் 28 அன்னிக்குப் புது வண்டி டெலிவரி எடுத்தேன். 1.2 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர், சின்ன வண்டி. கம்பெனி பேரு இங்க வேண்டாம்ங்க. இன்னிக்கு மீட்டர்ல 4,612 கிலோமீட்டர். எங்க குடும்பத்துல முதல் கார் இது, ஏழு வருஷத் தவணை. எடுத்ததே அம்மாவுக்காகத்தான். கோயம்புத்தூர்ல அவங்களுக்குக் கீமோ நடக்குது, 21 நாளைக்கு ஒருக்கா. முதல் தடவை பஸ்ல கூட்டிட்டுப் போய்த் திரும்பினப்ப அவினாசிகிட்ட பஸ்ஸை நிறுத்தச் சொல்லி ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாங்க. அன்னிக்கு முடிவு பண்ணினது இந்த வண்டி.

நவம்பர் 6, வியாழக்கிழமை. காலையில அஞ்சே முக்காலுக்குக் கிளம்பறோம். எப்பவும் ஒரே சுத்துல பிடிக்கற வண்டி அன்னிக்கு மூணு நாலு செகண்டு சுத்தி, ஒரு குலுங்கு குலுங்கித்தான் பிடிச்சுது. குளிர்னு நினைச்சு விட்டுட்டேன். விஜயமங்கலம் டோல்ல வரிசையில நிக்கறப்ப மீட்டர்ல மஞ்சள் விளக்கு வந்துச்சு, இன்ஜின் படம் போட்டது. கண் சிமிட்டலை, நிலையா எரிஞ்சுது. வண்டி ஓட்டத்துல வித்தியாசம் எதுவும் தெரியலை. நிக்கறப்ப மட்டும் லேசா நடுங்குச்சு. பயந்து பயந்து 60லயே கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தோம்.

சனிக்கிழமை சர்வீஸ் சென்டர்ல விட்டேன். லேப்டாப்பை மாட்டினாங்க, பத்து நிமிஷம், விளக்கு போயிருச்சு. "பெட்ரோல் சரியில்லை சார், பங்க்கை மாத்துங்க"ன்னு சொன்னாங்க. மாத்தினேன்.

நவம்பர் 27, மறுபடியும் கோயம்புத்தூர். மறுபடியும் காலையில தடுமாறிப் பிடிச்சுது, மறுபடியும் விளக்கு. இந்த முறை செங்கப்பள்ளிகிட்ட. சர்வீஸ்ல "ஈ20 பெட்ரோல், அதான் 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அது வந்ததுல இருந்து எல்லா வண்டிக்கும் இப்படித்தான்"னு சொல்லி, சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்தாங்க. டிசம்பர் 18, அதேதான். இந்த முறை போனப்ப, "மறுபடி வந்தா பாக்கலாம் சார்"னு அழிச்சுக் குடுத்துட்டாங்க. மூணு ஜாப் கார்டுலயும் 'பொதுச் சோதனை'ன்னு மட்டும்தான் இருக்கு. லேப்டாப்ல வந்த கோடு, அதாவது கோளாறைக் குறிக்கற எண், என்னன்னு கேட்டா, அதெல்லாம் உள்ள இருக்கற டெக்னீஷியனுக்குத்தான் தெரியும்கறாங்க.

இடையில ஊருக்குள்ள, மண்டிக்கு, பெருந்துறைக்குன்னு தினமும் ஓட்டறேன். அப்ப ஒருநாளும் விளக்கு வரலை. கோயம்புத்தூர் போற அன்னிக்கு மட்டும்தான் வருது. இதனால அம்மா ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. "நான் ஏறினாத்தாண்டா எரியுது. என்னை பஸ்லயே கூட்டிட்டுப் போ"ன்னு. இதைக் கேட்டுட்டு என்னால சும்மா இருக்க முடியலைங்க. பின்சீட்டுல சாஞ்சு படுக்க வேண்டியவங்க, போற வழியெல்லாம் எட்டி எட்டி அந்த விளக்கையே பார்த்துட்டு வர்றாங்க.

அடுத்த கீமோ ஜனவரி 8. அதுக்குள்ள இது என்னன்னு தெரிஞ்சாகணும்.

நெல்லை ரதம் (திருநெல்வேலி):

அண்ணாச்சி, 19 வருசமா வாடகை வண்டி ஓட்டுதேன். அம்மாவோட போற வழியில மறுபடி வந்துச்சுன்னா என்ன செய்யணும்னு மட்டும் நான் சொல்லிருதேன். காரணம் கண்டுபிடிக்கதுக்கு மெக்கானிக் ஆட்கள் வருவாங்க.

மஞ்சள் விளக்கு நிலையா எரிஞ்சா வண்டியை நிப்பாட்ட வேண்டிய அவசியமில்லை. இழுவை குறையாம, சூட்டு முள் ஏறாம, சத்தம் வராம இருந்தா நிதானமா ஓட்டி ஊர் போய்ச் சேரலாம். அன்னிக்கு நீங்க 60ல போனது சரிதான். அதே விளக்கு கண் சிமிட்டுச்சுன்னா கதை வேற. ஏதோ ஒரு சிலிண்டர்ல பெட்ரோல் எரியாம புகைக்குழாய் வழியா வெளிய போகுதுன்னு அர்த்தம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் பண்ணுத கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள்ள போய் எரியும்போது அது உள்ளுக்குள்ளயே உருகிரும். உள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்னு விலை கூடின சாமான். சிமிட்டினா ஆக்சிலேட்டரை விட்டு மெதுவா ஓரங்கட்டி, இன்ஜினை அணைச்சிருங்க.

சிவப்பு விளக்கு எதுவா இருந்தாலும், எண்ணெய்க் கிண்டி படமோ தண்ணி சூட்டுப் படமோ, அந்த இடத்துலயே நிறுத்தம். அடுத்த பங்க் வரைக்கும் போயிரலாம்னு கணக்குப் போடாதீங்க. என் கூட ஓட்டுன பையன் கயத்தாறுல இருந்து கங்கைகொண்டான் வரைக்கும் சிவப்பு விளக்கோட வந்து இன்ஜினையே இழந்துட்டான்.

அம்மாகிட்ட சொல்லுங்க, மஞ்சள் விளக்குக்குப் பயப்பட வேண்டாம்னு.

ஏரிக்கரை (சென்னை, பள்ளிக்கரணை):

பானெட்டைத் திறந்து வயரையெல்லாம் ஒருமுறை பார்த்தீங்களா? எங்க வண்டிக்கு ஆறு மாசம்கூட ஆகலை, போன மழைக்காலத்துல இதே விளக்குதான். ஆக்சிஜன் சென்சாருக்குப் போற வயரை எலி கடிச்சிருந்தது. இன்ஜின் மேல பாதி கடிச்ச தேங்காய்ச் சில்லு ஒண்ணு கிடந்தது, அதை வெச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க. எலிக் கடி வாரண்டியில வராதுன்னு சொல்லிட்டாங்க. இன்சூரன்ஸ்ல ஏத்துக்கிட்டாங்க. 1,500 சிசிக்குள்ள இருக்கற வண்டின்னு 1,000 ரூபாய் நாங்க போடணும், மீதி அவங்க. ஆனா அந்த வருஷத்து 20 சதவீத நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காத வருஷத்துக்குப் பிரீமியத்துல தர்ற தள்ளுபடி) போச்சு. சின்னச் செலவா இருந்தா கைக்காசு போடறதே லாபம், கணக்குப் பார்த்துக்கோங்க.

உங்க அம்மா சீக்கிரம் குணமாகணும். எங்க அத்தைக்கும் இதே சிகிச்சைதான் நடந்தது, இப்போ நல்லா இருக்காங்க.

வேகத்தடை (சேலம்):

நண்பா, வண்டியோட கோடைப் போன்லயே படிக்கற புளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஆன்லைன்ல ஆயிரம் ரூபாய்க்குள்ள கிடைக்குது. வாங்கி நீங்களே அழிச்சுட்டுப் போயிட்டே இருங்க. சர்வீஸ்காரனும் அதைத்தான் பண்றான். பெட்ரோல் டேங்க் மூடியை மூணு கிளிக் வர்ற வரைக்கும் திருகிப் பாருங்க. மூடி லூசா இருந்தாலும் இந்த விளக்கு வரும், நிறைய வீடியோ இருக்கு.

அரியமங்கலம் பட்டறை (திருச்சி):

தம்பி, 24 வருஷமா ஸ்பேனர் பிடிக்கிறேன். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ஸ்கேனர் வாங்குங்க, நல்லதுதான். ஆனா அழிக்கறதுக்கு வாங்காதீங்க, படிக்கறதுக்கு வாங்குங்க. சேலம் தம்பி கோவிச்சுக்க வேண்டாம், நான் தினமும் பார்க்கற கஷ்டம் இது.

விளக்கு எரியற நேரத்துல வண்டியோட கம்ப்யூட்டர் கோடை மட்டும் எழுதி வைக்கறதில்லை. அந்த நொடியில வண்டி என்ன வேகம், இன்ஜின் எத்தனை சுத்து, தண்ணி எவ்வளவு சூடு, பெட்ரோலைக் கூட்டுச்சா குறைச்சுதா, எல்லாத்தையும் சேர்த்து ஒரு போட்டோ மாதிரி பிடிச்சு வைக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம்னு சொல்லுவோம். எனக்கு வைத்தியம் பார்க்க அதுதான் நாடி. அழிக்கற பட்டனை அமுக்கினா கோடோட சேர்த்து அந்த நாடியும் போயிடும். உங்களுக்கு மூணு முறை போயிருக்கு. விளக்கு தானா அணையறதுன்னா, அந்தக் கோளாறு இல்லாம தொடர்ந்து மூணு ஓட்டம் ஓடியிருக்கணும், ஸ்டார்ட் பண்ணி ஓட்டி அணைக்கறது ஒரு ஓட்டம். கோடு அதுக்கு அப்புறமும் நினைவுல கிடக்கும். அதனால அவசரப்பட்டு அழிக்க ஒரு காரணமும் இல்லை.

மூடி விஷயம். அந்த வீடியோவெல்லாம் அமெரிக்க வண்டிங்க. டேங்க்ல இருந்து ஆவி கசியுதான்னு வண்டியே சோதிக்கணும்னு அங்க சட்டம். நம்ம ஊர் விதி ஐரோப்பா வழி, இங்க ஓடற வண்டிகள் பலதுல அந்தக் கசிவுச் சோதனையே கிடையாது. மூடியை நல்லா திருகுங்க, தப்பில்லை. ஆனா இதுக்கு அது காரணமா இருக்கும்னு எனக்குத் தோணலை.

எலிக் கடியும் இல்லைன்னு நினைக்கிறேன். அறுந்த வயர் வியாழக்கிழமை பார்த்து அறுந்திருக்காது, தினமும் விளக்கு எரியும்.

எனக்கு மூணு தகவல் வேணும். ஒண்ணு, கோடு. மூணாவது முறை அழிச்சாங்கன்னு சொன்னீங்க, இருந்தாலும் ஒருமுறை படிச்சுப் பாருங்க, திரும்ப விழுந்திருக்கலாம். ரெண்டு, இன்ஜின் சூடான பிறகு வண்டியை நிறுத்தி வெச்சு, ஆக்சிலேட்டர் மிதிக்காம ஐடில்லயும், மிதிச்சு நிமிஷத்துக்கு 2,500 சுத்துலயும் ஃப்யூல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுது குறைக்குதுங்கற அளவு, என்ன காட்டுதுன்னு. மூணாவதுதான் முக்கியம். கோயம்புத்தூர் போறதுக்கு முன்னாடி வண்டிக்கு நீங்க என்ன செய்யறீங்க? ஒண்ணு விடாம எழுதுங்க. ஊருக்குள்ள ஓட்டறப்ப செய்யாத எதையோ அன்னிக்கு மட்டும் செய்யறீங்க.

மஞ்சள்மண்டி (ஈரோடு):

எல்லாருக்கும் நன்றிங்க. நெல்லை அண்ணாச்சி எழுதினதை அம்மாவுக்குப் படிச்சே காட்டினேன். அக்கா, பானெட்டைத் திறந்து டார்ச் அடிச்சுப் பார்த்துட்டேன், கடிச்ச தடயம் எதுவும் இல்லை.

அண்ணா, நீங்க கேட்டதுக்கு வர்றேன். ஸ்கேனர் நான் வாங்கலை, ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை வெச்சிருக்கற நண்பன்கிட்ட வாங்கிட்டு வந்தேன். ஸ்டீயரிங்குக்குக் கீழ 16 ஊசி இருக்கற சாக்கெட்ல மாட்டினோம். விளக்கு எரியாட்டியும் 'நிலுவை'ன்னு ஒரு கோடு இருந்துச்சு. பி0172. ஃப்ரீஸ் ஃப்ரேம் அதுல வரலை.

ஃப்யூல் டிரிம்: சூடான பிறகு ஐடில்ல குறுகிய கால அளவு மைனஸ் 6, நீண்ட கால அளவு மைனஸ் 13. ரெண்டும் சேர்ந்தா மைனஸ் 19. 2,500ல பிடிச்சா சேர்த்து மைனஸ் 4தான். இது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியலைங்க.

மூணாவது கேள்விக்கு நான் ராத்திரி முழுக்க யோசிச்சேன். முந்தின நாள் சாயந்திரம் டயர் காத்து பார்ப்பேன், 33. கண்ணாடி துடைப்பேன். டேங்க் ஃபுல் பண்ணுவேன். காலையில அம்மாவைக் கூட்டிட்டு எங்கயும் நிக்காமப் போகணும்னு ஃபுல் பண்றது. ஊருக்குள்ள ஓட்டறப்ப 500, 1,000னுதான் போடுவேன், ஃபுல் பண்றதே இல்லை. மைலேஜ் நோட்டு ஒண்ணு போட்டு வெச்சிருக்கேன், அதைப் பார்த்து எழுதறேன்:

நவம்பர் 5, 31.6 லிட்டர். நவம்பர் 26, 33.2 லிட்டர். டிசம்பர் 17, 32.8 லிட்டர். மூணுமே முந்தின நாள் சாயந்திரம். டேங்க் 37 லிட்டர்னு புத்தகத்துல இருக்கு. மைலேஜ் கணக்கு சரியா வரணும்னு பெட்ரோல் போடற கன் தானா கட் ஆன பிறகும் கழுத்து வரைக்கும் போடச் சொல்லுவேன். பங்க்ல பையன் வண்டியை ஆட்டி ஆட்டி ரவுண்டு தொகைக்குக் கொண்டு வந்து குடுப்பான்.

இதை எழுதறப்பவே எனக்கு ஒரு மாதிரி இருக்குங்க. இதுவா காரணம்?

அரியமங்கலம் பட்டறை (திருச்சி):

இதுதான் தம்பி. நோட்டு போட்டு வெச்சீங்க பாருங்க, அந்த நோட்டுதான் கண்டுபிடிச்சிருக்கு.

பொறுமையா சொல்றேன். சர்வீஸ்ல போய்ப் பேசறப்ப உங்களுக்கு இது வேணும்.

பி0172ன்னா இன்ஜினுக்குள்ள பெட்ரோல் கூடுதலா வருது. மைனஸ் 19ன்னா, கூடுதலா வர்றதைப் பார்த்துட்டுக் கம்ப்யூட்டர் இன்ஜெக்டர்ல 19 சதவீதம் குறைச்சு ஊத்துது. குறைக்கறதுக்கும் ஒரு எல்லை இருக்கு. எல்லையைத் தொட்டா கோடு. அதே கோடு அடுத்தடுத்த ரெண்டு ஓட்டத்துல வந்தாத்தான் பெரும்பாலும் விளக்கு. நீங்க சாயந்திரம் ஃபுல் பண்ணி வீட்டுக்கு வந்தது முதல் ஓட்டம். காலையில அம்மாவோட கிளம்பினது ரெண்டாவது. அதான் கணக்கு வெச்ச மாதிரி டோல்கிட்ட எரிஞ்சிருக்கு. அம்மா ஏறினதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஈ20 மேல பழி போட்டது முதல்ல தப்பு. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காத்து வேணும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதனால எத்தனால் கூடினா கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டித்தான் ஊத்தணும், டிரிம் பிளஸ்ல ஏறும். உங்களுக்கு மைனஸ். நேர் எதிர்த் திசை. லேப்டாப்ல அந்த ஒரு எண்ணைப் பார்த்திருந்தாலே அந்த வார்த்தை வாயில வந்திருக்காது. 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 (வண்டிப் புகைக்கான அரசு விதி) ரெண்டாம் கட்ட வண்டி உங்களது. ரோட்டுல ஓடறப்பவும் புகை அளவை விடாம பார்த்துட்டே இருக்கும், பழைய வண்டி கண்டுக்காத சின்னத் தப்பையும் சொல்லும். அது நல்லதுக்குத்தான்.

சரி, கூடுதல் பெட்ரோல் எங்கிருந்து வருது? டேங்க்ல இருந்து எழும்பற ஆவி வெளியே போகக் கூடாதுன்னு ஒரு டப்பா இருக்கும், உள்ள கரித்துகள். ஆவியைக் கரி பிடிச்சு வெச்சுக்கும். இன்ஜின் சூடான பிறகு பர்ஜ் வால்வுன்னு ஒண்ணு திறந்து, அந்த ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமா இன்ஜினுக்குள்ள இழுத்து எரிச்சுடும். அந்த டப்பா ஆவிக்குத்தான். திரவமா பெட்ரோல் உள்ள வந்தா கரி ஊறிப்போயிடும்.

பங்க் கன் மூக்குல சின்ன ஓட்டை ஒண்ணு இருக்கும், பார்த்திருப்பீங்க. பெட்ரோல் மட்டம் ஏறி அந்த ஓட்டையை மூடினதும் கன் தானா கட் ஆகும். அந்த மட்டத்துக்கு மேல இருக்கற காலி இடம் டேங்க் தயாரிச்சவன் விட்டு வெச்ச இடம், வீணா விட்டதில்லை. பெட்ரோல் ஒரு டிகிரி சூட்டுக்கு ஆயிரத்துல ஒரு பங்கு விரியும். சாயந்திரம் தரைக்கடித் தொட்டியில இருந்து குளிர்ச்சியா வந்த 37 லிட்டர் 10 டிகிரி சூடானா, சுமார் 370 மில்லி கூடும். கழுத்து வரைக்கும் நிரப்பினா அது எங்க போகும்? ஆவி போற குழாய் வழியா டப்பாவுக்குத்தான். வண்டியை ஆட்டி ஆட்டிப் போட்டா அங்கயே போய்ச் சேர்ந்துடும்.

ஐடில்ல மைனஸ் 19, 2,500ல மைனஸ் 4ன்னு சொன்னீங்க. அதுவும் இதையேதான் சொல்லுது. ஐடில்ல இன்ஜின் இழுக்கற காத்து குறைவு, உறிஞ்சல் அதிகம், அதனால வர்ற ஆவி பெரிய பங்கு. வேகத்துல காத்து நிறையப் போறப்ப அதே ஆவி ஒண்ணுமில்லாமப் போயிடும். இன்ஜெக்டர் ஒழுகினாலும் பி0172 வரும். ஆனா அது ஃபுல் டேங்க் அன்னிக்கு மட்டும் ஒழுகாது.

ஒரே ஒரு விஷயம் மனசுக்குச் சரியாப் படலை. காலையில தடுமாறிப் பிடிக்குதுன்னீங்களே. குளிர்ந்த இன்ஜின்ல பர்ஜ் வால்வு மூடித்தான் இருக்கணும். மூடியிருந்தா ராத்திரி ஆவி உள்ள போய் நிரம்பாது. அதனால வால்வும் சரியா மூடலைன்னு நினைக்கிறேன். ஊறின கரி உடைஞ்சு, பொடி வந்து வால்வு வாயில அடைச்சிருக்கலாம். இதுக்கு ஒரு சோதனை இருக்கு. வீட்டுல செய்யாதீங்க, சர்வீஸ்ல உங்க முன்னாடி செய்யச் சொல்லுங்க. காலையில குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, டப்பாவுல இருந்து வர்ற ஹோஸை வால்வுகிட்ட கழட்டி, வால்வு வாயில விரலை வைக்கணும். உறிஞ்சக் கூடாது. உறிஞ்சினா வால்வு போச்சு. அப்புறம் டப்பாவைக் கழட்டிக் கையில தூக்கிப் பார்க்கச் சொல்லுங்க. காய்ஞ்ச டப்பா கையில கனம் தெரியாது.

இனிமே கன் முதல்ல கட் ஆனதோட நிறுத்துங்க. பங்க் பையன் ரவுண்டு பண்றேன்னு கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க.

கணக்கர் (மதுரை):

தம்பி, பட்டறைக்காரர் நோயைக் கண்டுபிடிச்சுட்டார். நான் காகிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், வங்கியில் முப்பது வருடம் இருந்தவன்.

மூன்று ஜாப் கார்டிலும் 'பொதுச் சோதனை' என்று இருப்பது உங்களுக்கு எதிரானது. நாளை வாரண்டியில் கேட்டால், இந்தப் புகார் முன்னே வந்ததாகவே பதிவு இல்லை என்பார்கள். இந்த முறை கார்டில் கையெழுத்துப் போடும் முன் உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள்: 'இன்ஜின் எச்சரிக்கை விளக்கு, நவம்பர் 6, நவம்பர் 27, டிசம்பர் 18 என மூன்று முறை, கோடு பி0172, காலையில் ஸ்டார்ட் ஆகத் தடுமாற்றம்.' எழுத மறுத்தால் அங்கேயே நின்று அதே வரிகளை அவர்கள் மின்னஞ்சலுக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் அனுப்பிவிடுங்கள். தேதியோடு ஒரு தடம் இருக்க வேண்டும். வண்டியைத் திருப்பி எடுக்கும்போது என்ன செய்தோம் என்பதும் எழுத்தில் வேண்டும். கழற்றிய பாகத்தைக் கண்ணால் பார்க்கக் கேளுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல நேரம் அந்தப் புகாரிலேயே கம்பெனி பேச வந்துவிடும். அதையும் தாண்டினால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 50 லட்சம் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கேயே போகலாம். பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். அந்த அளவுக்குப் போகாது என்றே நினைக்கிறேன். கோபப்படாமல், காகிதத்தோடு போங்கள்.

மஞ்சள்மண்டி (ஈரோடு):

எல்லாருக்கும் கடைசியில என்ன ஆச்சுன்னு சொல்லணும்ங்க.

டிசம்பர் 29, திங்கட்கிழமை. முந்தின ராத்திரியே வண்டியை சர்வீஸ் சென்டர்ல விட்டுட்டேன், காலையில குளிர்ந்த இன்ஜின் வேணும்னு சொல்லி. மதுரை ஐயா சொன்ன வரிகளை அப்படியே எழுதிக் குடுத்தேன். வாங்கின பையன் அதைப் படிச்சுட்டு மேனேஜர்கிட்டப் போனான், மேனேஜர் படிச்சுட்டு ஒரு மூத்த டெக்னீஷியனை அனுப்பினார். அவருக்கு அம்பது வயசு இருக்கும். மூணு முறை போயும் அவரை நான் பார்த்ததே இல்லை. நான் நோட்டைக் காட்டினேன். தேதியையும் லிட்டரையும் விரல் வெச்சு வெச்சுப் படிச்சார். "இதை யாரும் உங்களைக் கேட்கலையா சார்?"னு கேட்டார். அவ்வளவுதான் பேசினார்.

என்னைப் பக்கத்துல நிக்க வெச்சே ஸ்டார்ட் பண்ணி, ஹோஸைக் கழட்டினார். "விரலை வைங்க"ன்னார். வெச்சேன். பால் குடிக்கற கன்னுக்குட்டி விரலை இழுக்குமே, அப்படி இழுத்துச்சுங்க. இன்ஜினை நிறுத்திட்டு வால்வைக் கழட்டி, வெள்ளைத் துணி ஒண்ணை விரிச்சு அதுமேல ரெண்டு தட்டு தட்டினார். மிளகை ஒண்ணும் பாதியுமா உடைச்ச மாதிரி கருப்பா பத்துப் பன்னிரண்டு துகள் விழுந்துச்சு. டப்பாவைக் கழட்டி என் கையில குடுத்து, புதுசு ஒண்ணை இன்னொரு கையில குடுத்தார். வித்தியாசம் கேட்கவே வேண்டாம். பழசைச் சாய்ச்சா உள்ள பெட்ரோல் வாசம் மூக்கைத் துளைக்குது.

மேனேஜர் முதல்ல, ஃபுல்லுக்கு மேல போட்டது உங்க தப்பு, வாரண்டியில வராதுன்னுதான் ஆரம்பிச்சார். தப்பு என்னுதுதான்னு ஒத்துக்கிட்டேன். கைப்புத்தகத்துல அது எழுதியிருக்குங்கறதையும் அப்புறம்தான் பார்த்தேன், சின்ன எழுத்துல, ஒரே வரி. ஆனா நவம்பர் 8ஆம் தேதி முதல் முறை வந்தப்பவே கோடைப் படிச்சுச் சொல்லியிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்பேனே, அதுக்கப்புறம் ரெண்டு முறை நிரப்பி டப்பாவைக் கெடுத்திருக்க மாட்டேனேன்னு கேட்டேன். சத்தம் போடலைங்க, நிதானமாத்தான் கேட்டேன். அந்த மூத்தவரும் ஏதோ தனியாப் பேசினார். கடைசியில வால்வு, டப்பா ரெண்டுமே வாரண்டியில மாத்திக் குடுத்துட்டாங்க. ரெண்டு நாள் ஆச்சு. கார்டுல பி0172ன்னு எழுதி, மாத்தின பாகத்தோட எண்ணும் போட்டிருக்கு.

ஜனவரி 7 சாயந்திரம் பங்க்குக்குப் போனேன். 30.9ல கன் கட் ஆச்சு. பையன் பழக்கத்துல மறுபடி அமுக்கப் போனான், கையைப் பிடிச்சு நிறுத்திட்டேன். சில்லறை இல்லைன்னான், பரவாயில்லைன்னேன். இனிமே மைலேஜை முதல் கட்ல இருந்து முதல் கட் வரைக்கும்தான் கணக்குப் பார்க்கறது.

8ஆம் தேதி காலையில ஒரே சுத்துல பிடிச்சுது. அம்மா பின்னாடி உட்கார மாட்டேன், முன்சீட்லதான் உட்காருவேன்னாங்க, விளக்கைப் பக்கத்துல இருந்து பார்க்கணும்னு. விஜயமங்கலம் டோல்ல ஏழெட்டு வண்டிக்குப் பின்னாடி நின்னோம். அவங்களும் மீட்டரைப் பார்க்கறாங்க, நானும் பார்க்கறேன். வரலை. செங்கப்பள்ளியிலயும் வரலை. "அப்ப பெட்ரோல்தாண்டா, நானில்லை"ன்னாங்க. பெருமாநல்லூர் வர்றதுக்குள்ள சீட்டைச் சாய்ச்சுத் தூங்கிட்டாங்க.

அண்ணா, நேத்து நிறுத்தி வெச்சு டிரிம் பார்த்தேன், ஐடில்ல மைனஸ் 2. நிலுவைக் கோடு எதுவும் இல்லை. அடுத்த கீமோ ஜனவரி 29. அன்னிக்கு ராத்திரியும் ஒருமுறை பார்த்துட்டு இங்கயே எழுதறேன்.